உறை மோர்

குளியலறைக்குள் ஓர் ஆண் பாடிக்கொண்டிருந்தான்.

மொட்டை மாடியில் உடற்பயிற்சிக்காக இரும்பு தூக்கிவிட்டு வியர்வையோடு வீட்டுக்குள் நுழைந்த தரணிதரன், ஒரு செருப்பைக் கழற்றியும் மற்றதைக் கழற்றாமலும் அப்படியே நின்றுவிட்டான். சமையலறையில் அவன் மனைவி மோகனா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அந்த வீட்டில் அவனைத் தவிர வேறு ஆண்பிள்ளை கிடையாது. உள்ளே இருந்தவனோ சொந்த வீடு போல உரிமையாக, கரகரத்த தொண்டையில் மூன்றாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். தரணி தரை துடைக்கும் கட்டையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு கதவருகே போனான்.

கதவு திறந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு நறுமுகை வெளியே வந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற, முன்பற்கள் விழுந்து இன்னும் முளைக்காத அவனுடைய ஒரே மகள்.

"எதுக்குப்பா கட்டை?" என்று அதே குரலில் கேட்டாள்.

சளிதான் என்றாள் மோகனா. கல்யாண வீட்டில் ஐஸ்கிரீமை வாங்கி வாங்கித் தின்றால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும் என்று அவளுக்குக் கோபம். மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சித் தருவதாகச் சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினாள்.

சளி என்று நம்பத் தரணிக்கும் ஆசைதான். ஆனால் சில வாரங்களாகவே அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். குழந்தையின் நெற்றியில் பருக்கள். விளையாடிவிட்டு வந்தால் அவள்மேல் அடிக்கும் வாடை, வளர்ந்த ஆளின் அக்குள் வாடை. மேலுதட்டில் அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தால் போகாத ஒரு நிழல். ஜூனில் தைத்த சீருடை அதற்குள் குட்டையாகியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. அன்று காலை எல்லாம் ஒன்றாக வந்து அவன்முன் நின்றன. மோகனாவுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும்.

வியர்வையைக்கூடத் துடைக்காமல் கீழே இறங்கி ஓடினான். ஸ்கூட்டர் இருக்கையைத் தூக்கி, மழைக்கோட்டுக்குள் சுருட்டி வைத்திருந்த டப்பாவை எடுத்தான். மூடி அவன் திருகி வைத்தபடியே இருந்தது. 'பெண்களும் குழந்தைகளும் தொடக் கூடாது' என்ற சிவப்பு எழுத்து அவனைப் பார்த்தது. ஸ்கூட்டர் சாவி அவன் சட்டைப்பையை விட்டு நகர்ந்ததே இல்லை. யாரும் இதைத் தொட்டிருக்க வழியில்லை. இதைப் பார்த்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் கூடியது. இந்த வழியாக இல்லையென்றால் எந்த வழியாக?

டப்பாவின் பெயர் திண்மை. பெயரைக் கேட்டால் சிமெண்ட் மூட்டை என்று தோன்றும். உள்ளே இருந்தவை மாத்திரைகள். அது நமக்குப் பின்னால் வரப்போகிற ஒரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களின் உடம்பில் ஆண் ஹார்மோன் வற்றிக்கொண்டு வருவது அதற்குள் ஊரறிந்த விஷயமாகிவிட்டது. பிளாஸ்டிக் என்றார்கள், தூக்கமின்மை என்றார்கள், நாள் முழுக்க நாற்காலியில் ஒட்டிக்கொண்டு செய்கிற வேலை என்றார்கள். காரணம் எதுவானால் என்ன, முடி வெட்டுகிற இடத்தில்கூட "உங்க அளவு எவ்வளவுங்க?" என்று விசாரிக்கிற நாள் வந்துவிட்டது.

தரணிக்குக் கோவையில் பம்ப்செட் கம்பெனி ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் வேலை. வருடாந்திரப் பரிசோதனையில் அவனுடைய அளவுதான் அந்தப் பிரிவிலேயே கடைசி. அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிற மனிதர்கூட அவனைத் தாண்டி நின்றார். காபி இயந்திரத்துப் பக்கம் அவன் போனால் பேச்சு நிற்கும், திரும்பி வந்தால் சிரிப்பு கேட்கும். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பான். இரண்டாவது குழந்தை தங்காததற்குத் தன் உடம்புதான் காரணம் என்று மோகனா விரதம் இருந்துகொண்டும் கோயில் கோயிலாக அலைந்துகொண்டும் இருந்தாளே, அதுதான் அவனைச் சுட்டது. குறை என்னிடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக, காதும் காதும் வைத்த மாதிரி திண்மையில் சேர்ந்தான். ஆம்பளை புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி உண்டு. தரணிக்கு வாய்த்தவன் டேனியல் என்கிற சென்னைப் பையன், போனில்தான் பேசுவான். விடியும்போதே எழ வேண்டும், இரும்பு தூக்க வேண்டும், பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். சர்க்கரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது. போனை வேறு அறையில் வைத்துவிட்டு நேரத்துக்குத் தூங்க வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டுத் தினம் ஒரு மாத்திரை.

"இது மருந்து கிடையாது சார், உயிருள்ள துணை உணவு" என்று டேனியல் முதல் நாளே விளக்கினான். "தயிர்ல இருக்கிற கிருமியத்தான் கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கோம். உள்ள போய் உக்காந்து கொழுப்பை எடுத்து ஹார்மோனா சமைச்சுக் குடுக்கும். பரவிடுமோன்னு பயமே வேணாம். அதுக்குத் தீனி பால்ல இருக்கிற சர்க்கரை மட்டும்தான். குடலுக்குள்ள அது மிச்சம் வராது. பட்டினியில ஒரே நாள்ல செத்துடும். அதனாலதான் தினம் ஒண்ணு."

தரணிக்கு மாத்திரை விழுங்க வராது. சின்ன வயதிலிருந்தே தொண்டையில் நின்றுகொள்ளும். ஆகவே விடியற்காலையில் கம்மங்கூழில் தயிர் விட்டு, மாத்திரையைப் பிரித்துப் பொடியைக் கொட்டிக் கரைத்துக் குடித்துவிடுவான். மோகனா எழுந்து வரும்போது பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

பலன் இருந்தது. தோள் விரிந்தது, சோர்வு போனது, சிரிப்பு வந்தது. இரும்பா, தூக்கமா, மாத்திரையா, எது வேலை செய்தது என்று அவன் யோசிக்கவில்லை. கிடைப்பது கிடைத்தால் காரணம் யாருக்கு வேண்டும்? புருஷன் மறுபடியும் கலகலப்பாகிவிட்டதில் மோகனாவுக்கும் முகம் மலர்ந்துதான் இருந்தது.

அதே மாதங்களில்தான் அவள் வீட்டுத் தயிர் பேர் வாங்கியது. பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். கத்தியால் துண்டு போடலாம். சூலூரிலிருந்து கறந்து வருகிற புதுப் பால் என்பதால் அப்படி உறைகிறது என்று மோகனா நினைத்தாள். ஒரு வீட்டில் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் மறுநாள் டம்ளரோடு வந்தார்கள். உறை மோர் கேட்டு வந்தவர்களை யாராவது திருப்பி அனுப்புவார்களா? விளக்கு வைத்த பிறகு மட்டும் கொடுக்க மாட்டாள், மற்றபடி கை நிறையக் கொடுத்தாள். அடுக்ககம் முழுக்க அவள் உறைதான். பொள்ளாச்சியில் இருக்கும் அவள் தங்கைகூட ஒரு தூக்கில் கொண்டுபோனாள்.

நடுவில் மோகனாவுக்கு நாள் தள்ளிப்போனது. இரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் சந்தோஷப்பட்டார்கள். பரிசோதித்தால் ஒன்றுமில்லை. அடுத்த மாதமும் வரவில்லை, அப்போதும் ஒன்றுமில்லை. மோவாயில் முளைத்த முடிகளை அவள் குளியலறைக் கண்ணாடிமுன் நின்று பிடுங்கிக்கொண்டாள். அதைத் தரணியிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் சொல்லாமல் விடுவது பழகிப்போயிருந்தது.

வாய்ப்பாடு பாடிய அந்த வாரமே பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். நறுமுகை ஒரு பையனைக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்து, ஆசிரியைகள் வந்து பிரிக்கும்வரை அடித்திருக்கிறாள். அவன் இவளைப் பார்த்து "நீ பொண்ணா?" என்று கேட்டானாம். அடிபட்டவன் ஐந்தாம் வகுப்பு. தலைமையாசிரியை பேசிக்கொண்டே இருந்தார், தரணியின் காதில் எதுவும் விழவில்லை. அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்ற மகளின் முன்கையில் கறுத்துப் படர்ந்திருந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியில் வரும்போது அவள் அவன் முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுகையும் அந்தக் குரலில்தான் வந்தது.

"கோவம் தானா வருதுப்பா. நான் கூப்பிடவே இல்லை."

தரணி வண்டியைத் திருப்பினான். மோகனாவை அவள் வேலை பார்க்கும் கல்லூரியிலிருந்து வரச் சொல்லி, நேராகக் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் ஜெசிந்தா நிதானமான மனுஷி. ரத்தம் எடுக்கச் சொன்னார், கை எலும்பைப் படம் எடுக்கச் சொன்னார், வயிற்றை ஸ்கேன் செய்யச் சொன்னார். முடிவுகள் திரையில் வந்ததும் முதலில் குழந்தையை நர்ஸோடு வெளியே அனுப்பினார்.

"பாப்பா ரத்தத்துல ஆண் ஹார்மோன் ஒரு முழு ஆம்பளைக்கு இருக்கற அளவு இருக்குது" என்றார் டாக்டர். "கட்டி எதுவும் இல்லை, அவ உடம்பு இதைச் சுரக்கலை. வெளியில இருந்துதான் போயிருக்குது. வீட்ல யாராவது ஹார்மோன் எடுத்துக்கறீங்களா? ஜெல், ஊசி, பொடி, எதுவானாலும் சொல்லுங்க."

அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது என்று மோகனா உடனே சொன்னாள். சொன்ன வேகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. தரணி சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அவனைப் பார்ப்பதும், பிறகு மோகனா அவனைப் பார்ப்பதும் தெரிந்தது.

சொன்னான். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னான். காபி இயந்திரத்துச் சிரிப்பைச் சொன்னான், டப்பாவைச் சொன்னான், ஸ்கூட்டர் இருக்கையைச் சொன்னான். மோகனா தான் இருந்த விரதங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை மாத்திரையைத் தொட வாய்ப்பே இல்லை, ஸ்கூட்டரைப் பூட்டித்தான் வைப்பேன் என்று தரணி திரும்பத் திரும்பச் சொன்னான். டாக்டருக்கும் புரியவில்லை. எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். கூழில் தயிர் விட்டுக் கரைப்பதைச் சொன்னான்.

மோகனா நிமிர்ந்தாள்.

"எந்தக் கரண்டியில கலக்குவீங்க?"

தயிர்ப் பாத்திரத்தில் கிடக்கிற கரண்டியில்தான் என்றான்.

"கலக்கிட்டு அதே கரண்டியில மறுபடியும் தயிர் எடுப்பீங்களா?"

கூழ் கெட்டியாக இருந்தால் இன்னொரு கரண்டி எடுப்பதுண்டு என்றான். அதில் என்ன தப்பு என்று அவனுக்கு விளங்கவில்லை. வாயில் வைக்கவில்லையே, எச்சில் பண்ணவில்லையே என்றான்.

மோகனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்துதான் பேச்சு வந்தது. "அந்தத் தயிர்ல இருந்துதானுங்க நான் தினம் உறை ஊத்தறேன்."

அங்கிருந்தே டேனியலைக் கூப்பிட்டு, மூன்று பேருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்கள். மாத்திரைப் பொடி தயிரில் விழுந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் ஆகாது, சாப்பிட்டு முடித்தால் தீர்ந்தது என்றான் டேனியல். அந்தத் தயிரை உறை ஊற்றியிருக்கிறார்கள் என்றார் டாக்டர்.

"உறைன்னா என்ன மேடம்?"

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்குப் போகும், இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைய பாலுக்குப் போகும், வீடுகளில் தயிர் அப்படித்தான் வருகிறது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"தயிர் பாக்கெட்ல வராதா?" என்றான். அவன் கேலி செய்யவில்லை. நாற்பதாவது மாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு அவன் குரல் மாறியது. "எச்சில், வேர்வை, சாக்கடைத் தண்ணி, எல்லாத்துலயும் போட்டுப் பார்த்தாங்க மேடம். பால்லயும் போட்டுப் பார்த்தாங்க. பால்ல பயங்கரமா வளர்ந்துச்சு. ஆனா பால் ஒரு நாள்ல திரிஞ்சு போயிடும், கொட்டிடுவாங்க, அதனால ஆபத்தில்லைன்னு முடிச்சுட்டாங்க."

திரிந்த பால் என்று அவர்கள் கொட்டியதற்குத்தான் நம்மவர்கள் தயிர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல அந்தச் சோதனைக்கூடத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போனை அணைத்துவிட்டு டாக்டர் தரணி பக்கம் திரும்பினார். அவன் தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டான். குழந்தையோ தயிர் இல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிடாதவள். பாலில் இருக்கிற சர்க்கரையைத் தின்று, பாலில் இருக்கிற கொழுப்பை ஹார்மோனாக்கி, ஒவ்வொரு நாளும் அந்தக் கிருமி இன்னும் பெருகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு கிண்ணத்தில் எத்தனை மாத்திரை இருக்கும் என்று தன்னால் சொல்லவே முடியாது என்றார்.

நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா என்று மோகனா கேட்டாள். வாடை போகும், பரு போகும், கோபம் அடங்கும், நாள்பட முடியும் உதிரலாம் என்றார் டாக்டர். எலும்பு வயசுக்கு மீறி ஓடியிருக்கிறது, அதை இழுத்துப் பிடிக்க மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். இன்னும் சில மாதம் தெரியாமல் போயிருந்தால் வளர்த்தி இதோடு நின்றிருக்கும்.

"குரல்?" என்றான் தரணி.

"குரலுக்கு மட்டும் என்னால வாக்குக் குடுக்க முடியாதுங்க" என்றார். பிறகு அவன் பயந்துகொண்டிருந்த அடுத்த கேள்வியைக் கேட்டார். "இந்தத் தயிரை வேற யாரெல்லாம் சாப்பிடறாங்க?"

மோகனா வீடுகளை விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள். அவர்கள் முகத்தைப் பார்த்தே டாக்டர் புரிந்துகொண்டார். சுகாதாரத் துறைக்கு இன்றைக்கே தெரிவிக்கிறேன், ஆனால் அவர்கள் ஆள் சேர்த்துக் கிளம்பி வருவதற்குள் இன்னும் எத்தனை வீட்டில் உறை ஊற்றுவார்கள் என்று யோசியுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மோகனா தயிரைக் கொட்டி, பாத்திரத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். கரண்டியை எடுத்துக் குப்பையில் எறிந்தாள். பொள்ளாச்சிக்குப் போன் செய்து தங்கையிடம் தயிரைக் கொட்டச் சொன்னாள், காரணத்தை வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். நறுமுகை தயிர் இல்லாத சோற்றை வெறித்துப் பார்த்துவிட்டு, தான் ஏதாவது தப்பு செய்தேனா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லும்போது தரணிக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை.

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது மோகனா கையைக் காட்டி நிறுத்தினாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நீயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று அடுத்து அவன் சொல்லப்போவது அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷக் குடித்தனம்.

"நான் குடுத்தது தயிருங்க. நீங்க குடுத்தது என்னன்னு நீங்கதான் போய்ச் சொல்லோணும்."

சாயங்காலப் பால் காய்ந்து ஆறுகிற நேரம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அடுக்ககத்தில் அத்தனை சமையலறையிலும் ஒவ்வொரு கரண்டி உறை விழும். தரணி மேல்தளத்திலிருந்து ஆரம்பித்தான். முதல் கதவின் மணியை அழுத்துமுன் மூன்று தரம் கையை எடுத்துக்கொண்டான். எனக்கு ஆண் ஹார்மோன் குறைவு, அதற்கு மாத்திரை சாப்பிட்டேன் என்று சொல்லித்தான் எந்த வீட்டிலும் பேச்சைத் தொடங்க முடியும். காபி இயந்திரத்துப் பக்கம் நான்கு பேர் தெரிந்துகொண்டதற்கே செத்துச் செத்துப் பிழைத்தவன், இப்போது ஒரு கட்டடத்துக்கே வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற பத்மாவதி அம்மாள் அவன் சொன்னதை முழுசாகக் கேட்டார். கை மட்டும் தானாக எழுந்து மோவாயைத் தடவியது. உள்ளே போய்க் கொட்டிவிட்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அடுத்த வீட்டுப் பெண் பேச்சின் நடுவிலேயே ஓடிப்போய்த் தன் இரட்டைக் குழந்தைகளின் சட்டையைத் தூக்கி அக்குளை முகர்ந்தாள். முகர்ந்துவிட்டுத் தரணியைப் பார்த்த பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. ஒரு வீட்டில் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே மனைவி முகத்தைத் திரும்பிப் பார்த்தவன், சிரிப்பை நிறுத்திவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தான். இரண்டாம் தளத்தில் பெண்கள் விடுதிக்குச் சாப்பாடு செய்து அனுப்புகிற சரஸ்வதி அக்கா, தினமும் ஓர் அண்டா நிறைய அந்த உறையில்தான் தயிர் தோய்ப்பதாகச் சொன்னாள். விடுதிப் பெண்கள் சனி ஞாயிறுக்கு ஊருக்குப் போகும்போது உறை வாங்கிக்கொண்டு போனார்களாம். எந்தெந்த ஊர் என்று தரணி கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஆனாலும் எல்லோரும் கொட்டினார்கள். திட்டியவர்களும் கொட்டினார்கள். தொட்டியில் தயிர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அவன் ஒவ்வொரு வாசலையும் விட்டு நகர்ந்தான்.

கடைசியாகக் கீழ்த்தளத்தில் சபரிநாதன் வீடு. முப்பத்தைந்து வயதைத் தொட்டவன், ஒல்லி, மீசை ஒழுங்காக முளைக்காத முகம். அடுக்ககக் கூட்டத்தில் அவன் எழுந்து பேசினால் பின்வரிசையில் யாராவது "தம்பி, அப்பாவை வரச் சொல்லுப்பா" என்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை இருந்தது. போன மாதம்தான் மருதமலையில் சோறு ஊட்டினார்கள். அந்தக் குழந்தை விரும்பிச் சாப்பிடுவது குழைய மசித்த தயிர் சாதம் என்று சபரியின் மனைவி நிவேதா மோகனாவிடம் சொல்லியிருந்தாள்.

சபரியே கதவைத் திறந்தான். தரணி இத்தனை வீட்டில் சொன்னதை இங்கேயும் சொன்னான். இந்த முறை குரல் நடுங்கவில்லை, சொல்லிச் சொல்லி மரத்துப்போயிருந்தது. நறுமுகையைப் பற்றிச் சொன்னபோது சபரி நெற்றியைச் சுருக்கி, "அடப் பாவமே" என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். டாக்டர் யார், என்ன மருந்து என்றெல்லாம் விசாரித்தான். பிறகு வாசல்படிக்கு வெளியே வந்து, கதவைப் பின்னால் ஒருக்களித்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டான்.

"ஆனா உங்களுக்கு வேலை செஞ்சுதுங்களா?"

தரணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியலைங்க" என்றான். "இரும்பு தூக்கினேன், நேரத்துக்குத் தூங்கினேன். அதுலயே வந்திருக்கும். சபரி, சின்னக் குழந்தைங்க அது. ஒரு ஸ்பூன்கூடத் தாங்காது. கொட்டிருங்க."

"கொட்டிடறனுங்க" என்று சபரி உள்ளே போனான்.

தரணி வாசலில் நின்றான். குளிர்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு பாத்திரம் நகர்ந்தது. குளிர்பெட்டி மூடும் சத்தம் கேட்டது. தொட்டியில் தயிர் விழும் சத்தத்துக்காகவும் குழாய் திறக்கும் சத்தத்துக்காகவும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். இரண்டும் கேட்கவில்லை.

சபரி திரும்பி வந்தான். கை ஈரமாக இல்லை.

"கொட்டியாச்சுங்க. நீங்க போய்ப் பாப்பாவைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, தரணி வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

யாருங்க வந்தது என்று நிவேதா கேட்பது கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"தண்ணி மோட்டார் விஷயமா வந்தாங்க" என்றான் சபரி.

அந்தக் குரலில் ஒரு பிசிறும் இல்லை. அப்படி வாய் கூசாமல் சொல்ல எத்தனை நாள் பழக்கம் வேண்டும் என்று தரணிக்குத் தெரியும். உள்ளே குழந்தை பசிக்கு அழ ஆரம்பித்தது. சோறு மசித்துவிட்டேன், தயிர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நிவேதா குழந்தையைச் சமாதானம் செய்தாள். நீ இரு, நான் எடுத்து வைக்கிறேன் என்று சபரி அவசரமாகச் சொன்னான். குழந்தைக்கு வேறு தயிர் வைத்திருக்கிறானா, இதைத் தனக்கென்று ஒளித்துவிட்டு அவளுக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்கப் போகிறானா என்று தரணிக்குத் தெரியவில்லை. இரண்டு தயிரும் ஒரே குளிர்பெட்டியில் இருக்கும், ஒரே கரண்டி போதும்.

இரண்டு கையாலும் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. நிவேதாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அந்தத் தயிரைக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க, அதில் என் மாத்திரை கலந்திருக்குது, உங்க வீட்டுக்காரர் கொட்டவே இல்லை என்று மாடிப்படிகள் எல்லாம் எதிரொலிக்கக் கத்தினான். மேலே ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் திறந்தன. உள்ளே பேச்சு நின்றது.

குழந்தையின் அழுகையும் நின்றிருந்தது. தரணி தட்டிக்கொண்டே இருந்தான்.